வேலை இருக்கு

தேயிலை மலை ஊரான தானா ராத்தாவில் அன்று காலையிலிருந்தே மழை. வெல்பேர் ஆபீஸ் பெஞ்சில் உதவிப் பணத்துக்கு வந்தவர்களோடு மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்துகொண்டதால், பாஞ்சாலையின் முறை வருவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. உள்ளே போனால் பழைய அதிகாரி இல்லை. அவர் இருந்தவரை ஒரு தலையாட்டல், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். புதியவர் இளைஞர், கிளந்தான் பக்கத்துக்காரர். அவர் பேசிய மலாயில் ஒவ்வொரு சொல்லும் வால் நறுக்கிய மாதிரி வந்தது. முதல் காரியமாக அவளை உட்காரச் சொன்னார். புருஷன் செத்த வருஷம் தொடங்கி இந்த அறைக்கு வந்துபோகிறாள். யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை.

உடம்பு எப்படி, பிள்ளை எப்படி, வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே போனார். பாஞ்சாலைக்குத் தெரிந்தது கடைத்தெரு மலாய். நல்லா இருக்கு என்பதற்கு ஒரு வார்த்தை, இல்லை என்பதற்கு ஒரு வார்த்தை. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளித்தாள். அதற்குள் வெளியே பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. அதை விட்டால் அடுத்த பஸ் இருட்டிய பிறகுதான். வீட்டில் விறகு நனைந்து கிடக்கும், மகள் ரஞ்சிதம் பள்ளிக்கூடத்திலிருந்து பசியோடு வந்திருப்பாள்.

பெரிய மனிதர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வெடுக்கென்று எழுந்து போய்விட முடியுமா? அப்படிப்பட்ட நேரத்தில் நம்மவர்கள் எல்லோரும் சொல்வதைத்தான் அவளும் சொல்ல நினைத்தாள். எனக்கு வேலை இருக்கு, போயிட்டு வரேன். குடையை எடுத்துக்கொண்டு எழுந்து, அதை அப்படியே மலாயில் போட்டாள்.

"எஞ்சே, சாயா அடா கெர்ஜா. சாயா பெர்கி டூலு."

இளைஞரின் முகம் மலர்ந்துவிட்டது. "கெர்ஜா? பாகுஸ், காக்கா, பாகுஸ்!"

பாகுஸ் என்றால் நல்லது. வீட்டு வேலையில் அக்கறையுள்ள பெண் என்று மெச்சுகிறார் போலிருக்கிறது என்று பாஞ்சாலையும் சிரித்தாள். "எஸ்டேட்?" என்று கேட்டார். எங்கே போகிறாய் என்று கேட்பதாக எண்ணி, "எஸ்டேட், எஸ்டேட்" என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினாள். பஸ் கிடைத்தது.

அடுத்த மாதம் போனபோது அவள் பெயரைக் கூப்பிடவே இல்லை. பெஞ்ச் காலியானதும் தமிழ்க்கார பியூன்தான் வந்து சொன்னான். "இன்னும் ஏன்கா உக்காந்திருக்கீங்க? ஒங்களுக்குத்தான் வேலை கெடச்சிருச்சாமே. பைலை மூடியாச்சு."

அன்று தான் சொன்ன கெர்ஜாவை அவர் சம்பள வேலை என்று எடுத்துக்கொண்டுவிட்டார் என்பது பாஞ்சாலைக்கு அப்போதுதான் விளங்கியது.

அவள் பெரம்பலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள். வந்த வருஷமே கூடையைக் கட்டிக்கொண்டு மலை ஏறி, புருஷன் சிவசாமியோடு போட்டி போட்டுத் தேயிலைக் கொழுந்து எடுத்தாள். பிறகு அறுபத்தொன்பதில் பிரஜை அல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற பேச்சு தோட்டமெங்கும் பரவியது. பிரஜை அல்லாத சிவப்பு அட்டைக்காரர்கள் பலர் பானை சட்டிகளை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறினார்கள். அவளிடம் இருந்தது சிவப்பு அட்டை. சிவசாமியிடம் இருந்தது பிரஜைக்கான நீல அட்டை, பிள்ளையும் இங்கே பிறந்த பிள்ளை. "நீ வீட்ல இரு, ஒருத்தன் சம்பாத்தியம் போதும்" என்றான் அவன். இருந்தாள். தேயிலை உலர்த்தும் ஆலையில் அடுப்புப் பக்கம் நின்று வேலை பார்த்தவன், எழுபத்தைந்தில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து வெல்பேர்தான். தோட்டத்துப் பழைய துரை இரக்கப்பட்டு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவள் வீட்டை விட்டுவைத்தார்.

செய்தி அவளுக்கு முன்னாலேயே தோட்டத்துக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு வேலம்மா, கொழுந்துக் கூடையை இறக்கி வைக்காமலே வாசலில் வந்து நின்றாள்.

"ஊர்ல எல்லாரும் பொய் சொல்லி உதவிப் பணம் வாங்குவாங்க. நீ ஒருத்திதான்டி பொய் சொல்லி அதை நிறுத்துனவ."

"பொய் சொல்லலக்கா. வேலை இருக்குன்னு சொன்னேன். வீட்டு வேலைய."

"அந்த மலாய்க்காரத் தம்பி என்னமோ ஒன்ன காக்கா காக்கான்னு கூப்பிடுறானாமே?"

"அக்கான்னு அர்த்தமாம். மரியாதையாத்தான் கூப்பிடுறாரு."

"சரிதான். காக்காவுக்கு வச்ச சோத்தை மட்டும் நிறுத்திப்புட்டான்."

பாஞ்சாலைக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலை தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி சாம்பசிவம் ஆள் விட்டுக் கூப்பிட்டபோது அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

கிராணி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எங்கம்மா வேலை செய்யிற?"

"எங்கயும் செய்யலிங்கையா."

"நம்ம எஸ்டேட்ல உனக்கு வேலைன்னு வெல்பேர்லேந்து போன் வந்துச்சு. என் ஆள் கணக்குச் செக்ரோல்ல உன் பேரு இல்ல. நான் குருடனா, இல்ல நீ மாயமா மலை ஏறுறியா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். கிராணி வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்ட பிறகு சிரிக்கவில்லை.

"சிரிச்சதுனால சும்மா விட முடியாது பாரு. புது துரை கேட்டுட்டாரு, இந்த வீட்ல யாரு நமக்கு வேலை செய்யிறதுன்னு. வேலை செய்யிற ஆள் இல்லாத வீட்டை இனிமே வைக்கறதில்ல. மாசக் கடைசிக்குள்ள உங்க வீட்லேந்து ஒரு பேரு செக்ரோல்ல ஏறணும்."

"என் பேரப் போடுங்கையா."

"உனக்கு பெர்மிட் எடுக்கணும், அதுக்கு லேபர் ஆபீஸ் நடக்கணும், எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. உன் மக நீல ஐசி அட்டைதானே? பதினாறு ஆச்சுல்ல? நாளைக்கே போட்டுறலாம் லா. ஒரு கையெழுத்து, முடிஞ்சது."

ரஞ்சிதம் மூன்றாம் படிவத்தில் இருந்தாள். வருஷக் கடைசியில் எஸ்.ஆர்.பி. என்ற அரசாங்கப் பரீட்சை. அந்த லயத்தில் பெண்பிள்ளை ஒருத்தி அந்தப் பரீட்சை வரைக்கும் வந்ததே இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி முடிந்ததும் எல்லோரும் கூடை கட்டிக்கொண்டார்கள். கூடை கட்டினவள் அதை அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பள்ளிக்கூடம் போனதாகக் கதைகூடக் கிடையாது. ஒரு மாதம்தானே, அம்மாவுக்கு பெர்மிட் வரும்வரைதானே என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒரு மாதம் எத்தனை வருஷம் என்பது பாஞ்சாலைக்குத் தெரியும்.

முதலில் தப்பைத் திருத்தப் பார்த்தாள். தானா ராத்தாவுக்குப் போய் அந்த இளைஞர் முன்னால் நின்று, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். தான் சொன்னது எஸ்டேட் வேலை இல்லை, வீட்டு வேலை: கெர்ஜா ரூமா.

"ஓ, வீட்டு வேலையா? யார் வீட்டில்?" என்று அவர் மலாயில் கேட்டார்.

யார் வீட்டில் என்றால் என்ன கேள்வி? "ரூமா சாயா லா!" என்றாள் பாஞ்சாலை. என் வீட்டில்தான்! குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்லச் சிவந்தது. விளங்கிவிட்டது. ஆனால் மூடின பைலைத் திரும்பத் திறக்க அவர் தோட்டத்துக்கு நேரில் வந்து விசாரிக்க வேண்டும், மேலே எழுத வேண்டும். வருகிறேன் என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

காத்திருக்க நேரமில்லை. பக்கத்துக் கோலா தெர்லாவில் தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவரின் காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் வெட்டப் போனாள். அங்கே அட்டை என்ன நிறம் என்று யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் கையில் காசும், உடைந்த கோஸ் இலைகளும் கிடைத்தன. வயிற்றுக்கு அது போதும். வீட்டுக்கு ஆகாது. தவுக்கேயின் வேலையைக் காட்டி எஸ்டேட் வீட்டில் இருக்க முடியாது.

அந்த வாரத்தில்தான் நல்லுசாமி கங்காணி அவளை வழியில் மறித்தான்.

"ஏ பாஞ்சால, கத்திரி புடிக்கிறியா?"

தோட்டத்தில் அப்போதுதான் கத்திரி வந்திருந்தது. வேலி வெட்டுகிற கத்திரி மாதிரி நீளமான இரண்டு கைப்பிடி, அலகின்மேல் கொழுந்தைத் தாங்கிக்கொள்ள ஒரு தகரத் தட்டு, பின்னால் பை. செடியின் தலையில் வைத்து ஒரு வெட்டு வெட்டினால், ஒரு கைப்பிடிக் கொழுந்து தட்டில் விழும். கையால் எடுக்கிற பெண்கள் அதைத் தொட மறுத்தார்கள். ஒரு கத்திரி மூன்று பேர் வேலையைத் தின்னும், இன்றைக்கு அதைப் பிடித்தால் நாளைக்கு நம்மையே வீட்டுக்கு அனுப்புவான் என்ற பேச்சு லயம் முழுக்க இருந்தது. கங்காணிக்குக் கத்திரி கொடுத்திருந்தார்கள், ஆள் கிடைக்கவில்லை.

"எனக்கு பெர்மிட் இல்லியே கங்காணி."

"கொஞ்ச நாளு வந்து பழகு. கை வந்துச்சுன்னா கிராணிகிட்ட பேசறேன். வரலன்னா, ஒம் மகளக் கொண்டா. சின்னப் பொண்ணு, சீக்கிரம் புடிச்சுக்கும்."

மறுநாள் அவள் மலை ஏறினாள். கூடை கட்டிப் பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது. ஆனாலும் விரல்கள் மறக்கவில்லை. இரண்டு இலை ஒரு மொட்டு கண்டால் அவை தாமாகப் பாய்ந்தன. அதுதான் தொல்லை. விரலுக்கு அங்கே வேலையே இல்லை. விரல் பாய்கிற பக்கம் கத்திரி சாய்ந்தது, அலகு கீழே இறங்கியது, முற்றிய இலையையும் குச்சியையும் சேர்த்துக் கடித்தது. தட்டின் பாரம் எல்லாம் மணிக்கட்டில் இறங்கியது. சாயங்காலம் கங்காணி அவள் பையை நிறுவைக்கே விடவில்லை. சாக்கில் கொட்டிக் கையால் கிளறினான்.

"இது கொழுந்தா, மாட்டுக்குப் போடுற தழையா?" அப்படியே ஓரமாகத் தள்ளிவிட்டான்.

அன்றைக்கு அது போதாதென்று, நிறுவைக் கொட்டகையில் பெண்கள் அவளுக்கு இடம்விட்டு ஒதுங்கினார்கள். மரியாதைக்காக ஒதுங்கவில்லை. வேலம்மாதான் வாயைத் திறந்தாள்.

"இத்தனை நாளு வெல்பேர் சோறு தின்னா. இப்ப நம்ம சோத்துல கத்திரி வைக்க வந்துட்டா."

"அக்கா, நீங்களே இப்படிப் பேசுனா எப்படி? நான் புடிக்கலன்னா கத்திரி திரும்பிப் போயிருமா?"

"போவுமோ போவாதோ. மொதல்ல புடிச்சவ நீதானேடி."

பாஞ்சாலை இறங்கி வந்தாள். உதவிப் பணம் வாங்கின காலத்தில் இந்த லயம் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. பண்டிகைக்கு ஒரு கிண்ணம் பாயசம் முதலில் அவள் வீட்டுக்குத்தான் வரும். அந்தப் பரிதாபம் அவளுக்கு எப்போதும் கசந்தது. ஆனால் அது போன இடத்தில் இப்படி ஒரு குளிர் வந்து உட்காரும் என்று அவள் நினைக்கவில்லை.

நாலைந்து நாளில் அவள் கைகள் வீங்கிவிட்டன. கட்டைவிரலின் அடியில் தோல் கழன்றது. இரவில் தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடித்தாள். ரஞ்சிதம் விளக்கடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பார்க்காமல் அந்தக் கைகளையே பார்த்தாள்.

"என்ன பாக்குற? படி."

"படிச்சிட்டுத்தான்மா இருக்கேன்."

ரஞ்சிதம் அதிகம் பேசுகிற பிள்ளை இல்லை. சொல்ல வேண்டியதைக் காரியத்தில்தான் காட்டுவாள். அவள் தாயிடம் ஒன்றும் சொல்லாமல், பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் கங்காணியைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்தாள் என்பது பாஞ்சாலைக்கு அப்போது தெரியாது.

வெல்பேர்காரர் வந்தது ஒரு சனிக்கிழமை. சிவப்பு மண் தெறித்த அரசாங்க ஜீப் ஆபீஸ் முன்னால் நின்றது என்றதும் பாஞ்சாலை முகத்தைக் கழுவிக்கொண்டு, ரஞ்சிதத்தையும் கூட்டிக்கொண்டு போனாள். இந்த முறை மொழியில் சறுக்கக் கூடாது. மகள் மலாயில் படித்தவள், பரீட்சையில் மலாய்க் கட்டுரைக்கு நல்ல மார்க் வாங்குகிறவள். அவள் வாயால் சொன்னால் தப்பு வராது. வீட்டிலிருந்து ஆபீஸ் போகிறவரை பாஞ்சாலை மகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே நடந்தாள். ரஞ்சிதம் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள்.

ஆபீஸ் வராந்தாவில் கிராணி நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார். இளைஞர் அவளையும் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை, கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் சொன்னதை ரஞ்சிதம் தமிழில் சொன்னாள். பைலைத் திறக்க அவர் எழுதிப் போடுவார். ஆனால் மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. தாய்க்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மகளுக்கும் வேலை செய்யும் வயதாகிவிட்டது என்பார்கள். அம்மா என்ன நினைக்கிறார்?

"சொல்லு," என்றாள் பாஞ்சாலை. "எனக்கு அந்தப் பணம் வேணாம். பைலு மூடியே இருக்கட்டும். நான் வேலை செய்யிறேன். பெர்மிட்டுக்கு அவரு லேபர் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னா போதும், சீக்கிரம் நடக்கும். நீ படிப்ப. அதையும் சொல்லு."

ரஞ்சிதம் சொல்ல ஆரம்பித்தாள். நிதானமாக, பள்ளிக்கூடத்து மலாயில், ஓடையில் தண்ணீர் போகிற மாதிரி வந்தது. பாஞ்சாலைக்குப் பெருமையாக இருந்தது. எல்லாம் புரியவில்லை, அங்கங்கே ஒரு சொல் பிடிபட்டது. எமாக் என்றால் அம்மா. சரி. தாங்ஙான் என்றால் கை. சாக்கிட் என்றால் வலி.

கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று பாஞ்சாலை நினைத்தாள்.

ரஞ்சிதம் அவளைத் திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனாள். செக்கோலா, பள்ளிக்கூடம், என்று வந்தது. அதற்குப் பக்கத்தில் சாயா என்று வந்தது. பிறகு இன்னொரு முறை: சாயா கெர்ஜா. இந்த இரண்டு சொல்லையும் பாஞ்சாலை வாழ்நாளில் மறப்பாளா? அம்மா வேலை செய்வாள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எமாக் அல்லவா வரவேண்டும்? நான் என்று எப்படி வரும்? இவள் அம்மாவுக்காகப் பேசவில்லை, தனக்காகப் பேசுகிறாள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு நானே வேலைக்குப் போகிறேன் என்று சொல்கிறாள். கிராணியும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துடி!"

வராந்தாவில் இருந்த எல்லோரும் திடுக்கிட்டார்கள். பாஞ்சாலை மகளைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். தெரிந்த மலாயெல்லாம் எங்கோ ஓடிப்போயிற்று. மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"எஞ்சே. புக்கான் டியா." இவள் இல்லை. தன் நெஞ்சில் கையை வைத்தாள். "சாயா. சாயா கெர்ஜா. டியா செக்கோலா."

நெஞ்சில் வைத்தபோது கை முந்தானையிலிருந்து வெளியே வந்துவிட்டது. இளைஞர் அதைப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். பொய் சொல்லலாம்தான்.

"சாக்கிட்," என்றாள். "நந்தி பாயெக்." வலிதான், பிறகு சரியாகிவிடும்.

அவர் கிராணியிடம் திரும்பி என்னவோ கேட்டார். கிராணி நல்லுசாமியைக் கூப்பிடச் சொன்னார். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு வந்து படியில் நின்றான்.

"இந்தம்மா கத்திரி வேலைக்கு ஆவாளான்னு கேக்குறாரு. என்ன சொல்ற?"

பாஞ்சாலை அவன் முகத்தையே பார்த்தாள். அவள் பையை ஓரமாகத் தள்ளினவன். மாட்டுக்குப் போடுற தழை என்றவன். அவன் ஒரு தலையாட்டலில் எல்லாம் முடிந்துவிடும். மகள் பேர் ஏறிவிடும்.

நல்லுசாமி தாடையைச் சொறிந்தான். "கை இன்னும் வரல கிராணியாரே. உள்ளதச் சொல்லணும். முத்தலும் சேத்துத்தான் வெட்டுறா."

"அப்ப மகளையே…"

"இருங்க, சொல்லி முடிக்கல. எனக்குக் குடுத்த மத்த கத்திரிங்க கொட்டகையில துருப்புடிச்சிக் கெடக்கு. ஒருத்தியும் தொடமாட்டேங்கறா. தொடச் சொன்னா மாமியாருக்கு மேலுக்கு முடியலன்னு ஓடுறாளுங்க. இவள எல்லாருமா சேந்து ஏசுறாளுங்க, அப்பறமும் காலைல வந்து நிக்கிறா. துரை என்னத்தான் கேக்குறாரு, கத்திரிக்கு ஆள் எங்கன்னு. நான் இவளக் காட்டுறேன். பெர்மிட்டு வர்ற வரைக்கும் என் காண்ட்ராக்ட்ல இருக்கட்டும், வீட்டுக்கும் அதையே காட்டிக்கலாம். பெர்மிட்டு வந்ததும் செக்ரோலு."

"தழைதான் வருதுன்னா?"

"அப்ப நிறுத்திடுவேன். எனக்கென்ன, இவ சொந்தமா?"

கிராணி இதைச் சுருக்கி மலாயில் சொன்னார். இளைஞர் பாஞ்சாலையிடம் மிகவும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். லேபர் ஆபீஸில் நான் பேசுகிறேன். ஆனால் பைல் இனிமேல் மூடினதுதான். நாளைக்கு வேலை போனாலும் புதிதாக எழுதித்தான் கேட்க வேண்டும், கிடைக்காமலும் போகலாம். விளங்குகிறதா? "ஃபாஹாம், காக்கா?"

பாஞ்சாலை அவரைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னாள். மகளிடம் கேட்கவில்லை. இரண்டாவது முறை எல்லாம் கேட்டுக்கொண்ட பிறகு, "ஃபாஹாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பாஞ்சாலை மகள் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வார்த்தைய மாத்திப் போட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"ஒங்க கையப் பாத்தீங்களா?" என்றாள் ரஞ்சிதம். "சோறு பெசைய முடியல. நேத்து கொண்டை போடக்கூட முடியாம என்ன போட்டுவிடச் சொன்னீங்க. நான் புத்தகத்த வச்சிக்கிட்டு ஒங்களப் பாத்துட்டு ஒக்காந்திருக்கணுமா?"

"பாக்காத. புத்தகத்தப் பாரு."

"நான் பரீட்சையில தோத்துட்டா?"

"தோத்துட்டு வா. அப்பறம் பேசலாம்."

"அது வரைக்கும் ஒங்க கை?"

"அது என் கை. அதப் பத்திப் பேச ஒனக்கு யாரு அதிகாரம் குடுத்தா? ஊருக்காரன் எதிர்ல, தெரியாத பாஷையில, என்ன நோயாளியாக்கி, நீ பெரிய மனுஷியாயிட்ட."

ரஞ்சிதம் அழுதாள். பாஞ்சாலை தேற்றவில்லை. தேற்றப் போனால் தானும் அழுதுவிடுவோம், அழுதால் இறங்கிப் போய்விடுவோம் என்று அவளுக்குப் பயம். அடுப்பை மூட்டி, வீங்கின விரல்களால் அரிசி களைந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரஞ்சிதம் தன் பள்ளிச் சீருடையைத் துவைத்தாளா என்று பாஞ்சாலை கேட்கவும் இல்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. கொடியில் அது தொங்குவதை மாலையில் தற்செயலாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள். துணி தொங்கியது. ஆனால் துவைத்துப் போட்டவள் அதை உடுத்துவாள் என்று என்ன நிச்சயம்?

திங்கட்கிழமை விடியும் முன், வேலைக்கு ஆள் பிரிக்கப் பேர் வாசிக்கும் பெரட்டுக்குப் போனாள். பெரட்டுக் களத்தில் பனி இடுப்பளவு நின்றது. பெண்கள் போர்வையும் ஸ்வெட்டருமாகக் குவிந்து நின்றார்கள். வேலம்மா அவளைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு ஏனோ தன் கூடையை அரையடி நகர்த்தி வைத்தாள். அந்த இடத்தில் பாஞ்சாலை நின்றுகொண்டாள்.

களத்துக்கு மேலே தார்ரோடு. பள்ளிக்கூடப் பஸ் அங்கேதான் நிற்கும். அங்கே பிள்ளைகள் நிற்பது நிழலாகத் தெரிந்தது. அதில் ரஞ்சிதம் இருக்கிறாளா என்று பனியில் தெரியவில்லை. பாஞ்சாலை கிளம்பும்போது அவள் விளக்கடியில் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

நல்லுசாமி டார்ச் வெளிச்சத்தில் பேர் வாசிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கையால் எடுப்பவர்கள் முடிந்து கத்திரி ஆள் என்று வந்ததும் அவன் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"ரஞ்சிதம்."

பெண்கள் பாஞ்சாலையைத் திரும்பிப் பார்த்தார்கள். சனிக்கிழமைக்கு முன்னாலேயே இந்தப் பிள்ளை போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், அதை யாரும் மாற்றவில்லை என்பது அவளுக்கு அந்த ஒரு சொல்லில் விளங்கிவிட்டது. மேலே ரோட்டில் ஒரு நிழல் மற்ற நிழல்களிலிருந்து பிரிந்து, களத்துக்கு இறங்கும் படியருகே வந்து நின்றது. வெள்ளைச் சட்டை. நீலப் பாவாடை. ஒரு கால் முதல் படியில்.

"ரஞ்சிதம் இருக்கா?" என்று கங்காணி திரும்பவும் வாசித்தான்.

"அந்தப் பேருக்கு ஆள் இல்ல கங்காணி," என்றாள் பாஞ்சாலை. மேலே ரோட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அடிச்சிருங்க."

"கிராணி எழுதிக் குடுத்தது லா. நானா எழுதுனேன்?"

"யாரு எழுதுனா என்ன? அந்தப் பேருல இங்க யாரும் வேலைக்கு வரல. சிவசாமி பொண்டாட்டி பாஞ்சாலைன்னு போடுங்க. சனிக்கெழம நீங்கதான சொன்னீங்க?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேலம்மா, "போடேன்யா, பனியில நிக்க முடியல" என்று முணுமுணுத்தாள். கங்காணி காதிலிருந்த பென்சிலை எடுத்தான், தாளைத் தொடையில் வைத்தான், அடித்தான், எழுதினான். ரொம்ப நேரம் எழுதின மாதிரி இருந்தது.

"பாஞ்சாலை."

"இருக்கேன்."

பஸ்ஸின் விளக்கு வளைவில் வந்தது. ரோட்டில் நிழல்கள் அசைந்தன, கதவு திறந்தது, பிள்ளைகள் ஏறும் சத்தம் கேட்டது. படியில் நின்ற வெள்ளைச் சட்டை இன்னும் நின்றது. டிரைவர் ஹார்ன் அடித்தான். இரண்டாவது முறை அடித்தபோது படியில் யாரும் இல்லை.

"இந்தா, புடி," என்று கங்காணி கத்திரியை நீட்டினான். "இன்னிக்கித் தழை கொண்டாந்தே, அப்பறம் தெரியும்."

பாஞ்சாலை கிழிந்த சேலைத் துணியை இரண்டு மணிக்கட்டிலும் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சிட்டாள். பஸ் கியர் மாற்றி ஏறுகிற சத்தம் பின்னால் கேட்டது. ரஞ்சிதம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாளா, களத்தைப் பார்த்தாளா, தெரியாது. பாஞ்சாலை கத்திரியை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்தபடி மலை ஏறினாள்.